அந்நியர் வீட்டில் நம் பிள்ளை

(நம் பங்கின் பவள விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நாளன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



திருவிழா என்றதும் கொடியேற்றமும் சப்பரமும் அசனமும் நம் நினைவுக்கு வருகின்றன. பவள விழா என்றால் அவற்றோடு மலர் ஒன்றும், மேடை ஒன்றும், நீண்ட உரைகளும் சேர்ந்துகொள்கின்றன. நீண்ட உரை கேட்டு நீங்கள் களைத்திருப்பீர்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே இன்று உபதேசம் செய்யாமல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

நம் பங்கில் பிறந்து, இதே கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, நம் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகள் பாடிய ஒரு பெண்பிள்ளை, ஸ்பெயின் தேசத்தில் ஓர் ஆண்டு படித்துத் திரும்பினாள். அங்கே ஒரு ஸ்பானியக் குடும்பத்தில் தங்கியிருந்தாள். அவளுடைய பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஊருக்குத் தெரியாத செய்தியன்று. ஆயினும் அவள் சொற்படியே செய்கிறோம். அந்தப் பிள்ளையைப் பாராட்டுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கதையில் நம்முடைய தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

நம் கரைக்கும் ஸ்பெயினுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நம் ஞானத் தந்தையாகிய புனித சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இன்றைய ஸ்பெயினின் வடபகுதியிலுள்ள நவார்ரா நாட்டில், சவியேர் கோட்டையில் பிறந்தார். அவரும் வெளிநாடு சென்று படித்த மாணவர்தாம். 1525-இல் பாரீசுக்குப் போனார். அங்கே சாந்த் பார்ப் கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர்கள் பேதுரு ஃபாவ்ரும், பின்னர் வந்து சேர்ந்த இஞ்ஞாசியாரும். ஓர் அறையில் சேர்ந்து வாழ்ந்த அந்த மூவரின் நட்பிலிருந்து இயேசு சபை முளைத்தது. யாரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம் என்பது ஒரு மாணவனின் வாழ்வில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அதே சவேரியார் 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கி, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோவாவில் படித்துக்கொண்டிருந்த நம் கரைப் பிள்ளைகள் மூவர் அவருக்குத் துணையாக வந்தனர். அவருக்குத் தமிழ் தெரியாது. மன்றாட்டுகளைப் பிறரைக் கொண்டு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணி ஏந்தித் தெருத் தெருவாகப் போனார். அவர் நம் முன்னோரின் விருந்தாளி. பேசத் தெரியாமல் வந்த அந்நியர் ஒருவருக்கு நம் கரை இடம் கொடுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நம் பிள்ளை கல்லூரிப் படிப்பில் ஸ்பானிய மொழியை எடுத்துக்கொண்டாள். முதுகலை படிக்கும்போது உதவித்தொகை கிடைத்து, 2022 செப்டம்பரில் சலமான்கா நகருக்குப் புறப்பட்டாள். தகப்பனார் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவருடைய குடும்பத்தில் பெண்பிள்ளை ஒருத்தி கன்னியாகுமரி விரைவு ரயிலில் தனியாகப் போனதில்லை. இவள் விமானம் ஏறினாள். தாயார் நம்மிடம் வந்து, "சாமி, முன்னே பின்னே தெரியாத வீட்டுல எம் பிள்ளைய விடப் போறேன். அவுக எப்படியாப்பட்டவுகன்னு நீங்க எழுதிக் கேக்கக் கூடாதா?" என்றார்கள். யாருக்கு எழுதுவது? நாம் ஜெபமாலை ஒன்றை மந்திரித்துப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினோம்.

சலமான்கா, மத்ரித் நகருக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்குள்ள பல்கலைக்கழகம் 1218-இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்சோவால் நிறுவப்பட்டது. 2018-இல் எண்ணூறாம் ஆண்டு விழாக் கொண்டாடியது. நாம் எழுபத்தைந்து ஆண்டுக்கு இத்தனை கொடி கட்டியிருக்கிறோம். எண்ணூறு ஆண்டுக்கு எத்தனை கட்டியிருப்பார்களோ! அந்த ஊர்க் கட்டடங்கள் பெரும்பாலும் அருகிலுள்ள வில்லமயோர் கிராமத்தில் வெட்டியெடுத்த மணற்கல்லால் ஆனவை. மாலை வெயில் பட்டால் ஊரே பொன்னிறமாகிவிடும் என்று எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தின் முகப்பில் எண்ணற்ற சிற்பங்கள். அவற்றுள் ஒரு மண்டையோட்டின்மேல் சின்னஞ்சிறு தவளை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. பிறர் காட்டாமல் தானே அதைக் கண்டுபிடிக்கும் மாணவன் தேர்வில் வெற்றி பெறுவான் என்பது அவ்வூர் நம்பிக்கை. நம் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்றாம்.

அவள் தங்கிய வீட்டில் மூவர். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு விதவைத் தாய். எண்பத்தைந்தைக் கடந்த அவருடைய அன்னை. மத்ரித்தில் வேலை பார்த்து, மாதம் இருமுறை வந்துபோகும் மகன். வெளிநாட்டு மாணவர்களை வீட்டில் வைத்து உணவளித்து, அதற்கு மாதக் கட்டணம் பெறுவது சலமான்காவில் பல குடும்பங்களின் வழக்கம். மூன்று வேளை உணவு, வாரம் ஒருமுறை துணி துவைத்தல், தனி அறை என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். "காசுக்குத்தானே சோறு போடுகிறார்கள்" என்று நாம் அன்று நினைத்தோம். பணம் வாங்கிக்கொண்டு செய்வது விருந்தோம்பல் ஆகுமா என்ற கேள்வி உங்களுக்கும் எழலாம். அதற்குப் பதில் பின்னால் வரும்.

தொடக்கம் இனிமையாக இல்லை. அங்கே பகலுணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவு ஒன்பதரை, பத்து மணிக்கு. அந்நேரம் இங்கே விடியற்காலை இரண்டு மணி. ஆறு மணிக்கே பசிக்கும் நம் பிள்ளை முதல் வாரம் அறைக்குள் ரொட்டியை ஒளித்து வைத்துத் தின்றாளாம். சமையல் முழுவதும் ஆலிவ் எண்ணெயில். காரம் என்பதே கிடையாது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தோசை போலச் சுட்டெடுக்கும் தோர்த்தியா, பருப்பைப் போன்ற லென்தேகா, எல்லாவற்றோடும் ரொட்டி. கையால் பிசைந்து உண்ணப் போனவள், எதிரே இருந்த கிழவி உற்றுப் பார்த்ததைக் கண்டு கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

குளியலில் ஒரு சண்டை வந்தது. இருபது நிமிடம் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவளை வீட்டம்மா கதவருகே நிறுத்தி, "தண்ணீருக்கும் எரிவாயுவுக்கும் நான் பணம் கட்டுகிறேன், ஐந்து நிமிடம் போதும்" என்று கடிந்துகொண்டார்கள். தலையணையில் தேங்காயெண்ணெய்க் கறை பட்டதற்கு இன்னொரு சண்டை. அன்றிரவு நம் பிள்ளை தாயோடு தொலைபேசியில் அழுதாள். தாயார் நம்மிடம் ஓடி வந்தார்கள்.

ஆனால் ஆறுதலும் இருந்தது. முதல் நாளே வீட்டம்மா ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னபோது, மேசையைத் தட்டி "மேசா" என்றார்கள். நம் பிள்ளை "மேசை" என்றாள். அலமாரியைக் காட்டி "அர்மாரியோ" என்றார்கள். இவள் "அலமாரி" என்றாள். காலணியைக் காட்டி "சபாத்தோ" என்றதும் இவள் "எங்கள் ஆச்சி சப்பாத்து என்பார்கள்" என்று சிரித்தாள். போர்த்துக்கீசியர் நம் கரையில் விட்டுச்சென்ற சொற்கள் அவை. ஸ்பானியம் அம்மொழிக்கு உடன்பிறப்பு. ஐந்நூறு ஆண்டுக்கு முன் கடல் வழியாக வந்த சொற்கள் அந்தச் சமையலறையில் அவளுக்குக் கைகொடுத்தன. அந்த நாட்டில் தன்னைவிட இளையவளை எவரும் "இஹா" என்று அழைப்பார்களாம். மகளே என்று பொருள். கடைக்காரியும் அப்படித்தான் அழைக்கிறாள். ஆனாலும் கேட்கக் கேட்க மனம் இளகிற்று என்று எழுதினாள்.

இப்பொழுது நம் தவற்றுக்கு வருகிறோம். அக்டோபர் மாதத்தில் ஒருநாள் அவள் நம்மோடு பேசும்போது, "ஃபாதர், இந்த வீட்டில் யாரும் ஞாயிறு பூசைக்குப் போவதில்லை. பாட்டி மட்டும் தொலைக்காட்சியில் பூசை பார்க்கிறார்கள். நான் தனியாகப் போகிறேன், கோவிலில் பெரும்பாலும் வயதானவர்கள்தாம்" என்றாள். நமக்கு மனம் பதைத்தது. உடனே, "அம்மா, அந்த வீடு வேண்டாம். கன்னியர்கள் நடத்தும் விடுதி ஏதேனும் இருக்கும், அங்கே மாறிக்கொள்" என்றோம். விசுவாசமற்ற வீடு என்று ஒரு தீர்ப்பும் சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்து, "இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன், ஃபாதர்" என்றாள். நம் சொல்லை அவள் கேட்கவில்லையே என்று அன்று நமக்கு வருத்தம். அவள் கேட்காமலிருந்ததற்காக இன்று இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாள். நாம் இரண்டாம் நாள் கல்லறைக்குப் போகிறோம். ஸ்பெயினில் முதல் நாளே போகிறார்கள். பூசைக்குப் போகாத அந்த வீட்டம்மா காலையிலேயே எழுந்து, சாமந்திப் பூக்கள் வாங்கி, கிழவியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, நம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்திற்குப் போனார்கள். ஈரத்துணியால் கல்லைத் துடைத்துப் பூ வைத்தார்கள். கிழவி தன் கணவரின் பெயரைத் தடவிக்கொண்டே பரலோக மந்திரத்தை முணுமுணுத்தார். நம் பிள்ளை பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தார்களாம்.

திரும்பி வந்து மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். குளிர்காலத்தில் அவ்வூரில் இரவில் நீர் உறையும். வட்ட மேசைமேல் தரைவரை தொங்கும் கனத்த துணி விரித்து, மேசைக்கடியில் கணப்பு வைத்திருப்பார்கள். குடும்பத்தார் அத்துணியை மடிமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு கால்களைச் சூடாக்கியபடி பேசிக்கொண்டிருப்பார்கள். முன்பு தணல், இப்பொழுது மின்சாரம். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்துதான் கிழவி தம் கதையைச் சொன்னார்.

1960-இல் ஸ்பெயினும் ஜெர்மனியும் தொழிலாளரை அனுப்புவது பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அன்றைய ஸ்பெயின் ஏழை நாடு. அந்த ஆண்டுகளில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இலட்சக்கணக்கான ஸ்பானியர் பிழைக்கப் போனார்கள். கிழவியின் கணவர் 1962-இல் அட்டைப் பெட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்கு ரயில் ஏறினார். தொழிற்சாலைக் கொட்டகையில் அடுக்குக் கட்டிலில் படுக்கை. மொழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடமில்லாமல் ரயில் நிலையத்தில் போய் நின்று, தெற்கே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு கிறிஸ்மஸ் இரவு, உடன் வேலை செய்த ஜெர்மானியர் ஒருவர் அவரைக் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஸ்பானியம் தெரியாது. இவருக்கு ஜெர்மன் தெரியாது. உணவுண்டார்கள்; பாடினார்கள்; அவ்வளவுதான். எட்டு ஆண்டு உழைத்துத் திரும்பியவர் ஜெர்மனியைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஓர் இரவைத்தான்.

"நம் வீட்டில் அந்நியருக்கென்று ஒரு நாற்காலி இருக்க வேண்டும்" என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டுப் போனாராம். கட்டணம் வாங்காமல் சமாளிக்க அந்த விதவையால் இயலாது. ஆனால் அந்த நாற்காலி பணத்திற்காக மட்டும் போடப்பட்டதன்று.

ஜனவரி மாதத்தில் நம் பிள்ளை காய்ச்சலில் விழுந்தாள். வீட்டம்மா மருத்துவ நிலையத்திற்கு அழைத்துப் போனார்கள். இரண்டு இரவு நாற்காலி போட்டுப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். இவள் எதையும் உண்ண மறுத்தபோது, தொலைபேசியில் படம் தெரியும்படி இவளுடைய தாயாரை அழைத்து, அடுப்பைக் காட்டினார்கள். இங்கே நம் தாயார் கையை அசைத்து அசைத்துச் சொல்ல, அங்கே அவர்கள் அரிசியைக் குழைய வேகவைத்து உப்புப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒருவர் பேசிய மொழி மற்றவருக்குத் தெரியாது. துணி துவைப்பது தாளில் எழுதியிருந்தது. கஞ்சி காய்ச்சுவதும் இரவில் விழித்திருப்பதும் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. காசுக்குத்தானே என்று எண்ணிய நமக்கு இதுவே பதில்.

பிப்ரவரியில் பெரிய சோதனை வந்தது. இவளை வளர்த்த ஆச்சி இங்கே இறைவனடி சேர்ந்தார்கள். அடக்கத்தை நாமே நடத்தினோம். பிள்ளையால் வந்து சேர முடியவில்லை. அன்று அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது, வீட்டம்மா ஒன்றும் பேசாமல் வெளியே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு சீட்டை நீட்டி, "உன் பாட்டியின் பெயரை எழுது. நாளை மாலை பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்" என்றார்கள்.

மறுநாள் மாலை அந்தக் கோவிலில் ஸ்பானியக் குருவானவர் நம் ஊர்க் கிழவியின் பெயரைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். நம் பிள்ளையின் பக்கத்தில் வீட்டம்மா அமர்ந்திருந்தார்கள். கணவர் இறந்த நாளிலிருந்து பதினாறு ஆண்டுகளாக அவர்கள் பூசைக்கு வந்ததில்லை. ஏன் என்பதைத் திரும்பும் வழியில் சொன்னார்கள். கணவரின் அடக்கத்தன்று வந்த குருவானவர் அவசர அவசரமாகச் சடங்கை முடித்தார். இறந்தவரின் பெயரையே மாற்றிச் சொன்னார். திருத்தியபோது முகம் சுளித்தார். அன்று வெளியே வந்தவர்கள் மீண்டும் உள்ளே போகவில்லை.

அன்பர்களே, இதைக் கேட்டபோது நாம் நிலைகுலைந்தோம். விசுவாசமற்ற வீடு என்று கடலுக்கு இப்பால் அமர்ந்து தீர்ப்புச் சொன்னோமே, அந்தத் தாயைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியது நம்மைப்போல் அங்கியணிந்த ஒருவருடைய அவசரம் அன்றோ! நாமும் எத்தனை அடக்கங்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறோம்? அந்த அம்மாள் அதன்பின் ஞாயிறுதோறும் பூசைக்கு வரத் தொடங்கினார்கள் என்று சொல்லி இந்தக் கதையை முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. அந்த ஒருநாள்தான் வந்தார்கள். வேறொருத்தியின் துக்கத்திற்காகத் தம் கோபத்தை ஒரு மாலை இறக்கி வைத்தார்கள். இறைவனுடைய கணக்கில் அது எவ்வளவு பெரியது என்பதை அவரே அறிவார்.

பாஸ்கா முடிந்து ஒரு வாரத்திற்குப் பின் வரும் திங்களன்று சலமான்கா மக்கள் ஆற்றங்கரைக்குப் போய், இறைச்சி பொதிந்த ஓர்னாசோ என்னும் அடையைப் பகிர்ந்துண்பது வழக்கம். 2023 ஏப்ரல் 17-ஆம் நாள் நம் பிள்ளையும் குடும்பத்தில் ஒருத்தியாகப் போனாள். மற்றொரு நாள் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆல்பா தெ தோர்மெஸ் ஊருக்குப் போய், 1582-இல் அங்கே உயிர் நீத்த புனித தெரேசம்மாளின் திருவுடல் வைக்கப்பட்டுள்ள ஆலயத்தைத் தரிசித்தாள். 1622 மார்ச் 12-ஆம் நாள் சவேரியாரும் தெரேசம்மாளும் இஞ்ஞாசியாரும் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றவர்கள் என்பதை அவள் அங்கே அந்தக் கிழவிக்குச் சொன்னபோது, "அப்படியானால் உன் ஊரும் என் ஊரும் ஒரே நாளில் விழாக் கொண்டாடியிருக்க வேண்டும்" என்றாராம் கிழவி.

படிப்பிலும் அவள் ஒன்றைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தாள். 1526 முதல் சலமான்காவில் இறையியல் கற்பித்தவர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்னும் தொமினிக்கன் துறவி. குருமடத்தில் நாம் அவருடைய பெயரை மட்டும் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம். 1539-இல் அவர் ஆற்றிய விரிவுரைகளில், அமெரிக்கப் பழங்குடி மக்களே தங்கள் நிலத்தின் உண்மையான உரிமையாளர்கள். கிறிஸ்தவர் அல்லாதவர் என்பதற்காக அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்று, தம் சொந்த நாடே அங்கு வெற்றிமுழக்கம் செய்துகொண்டிருந்த காலத்தில் வாதிட்டார். அதே விரிவுரையில் இன்னொன்றும் சொன்னார்: தீங்கு செய்யாமல் வருகிற அந்நியன் பிறர் நாட்டில் பயணம் செய்யவும் தங்கவும் உரிமையுடையவன், அவனைத் தகாத முறையில் நடத்துவது மனிதத்தன்மைக்கு மாறானது என்றார். வந்தவன் வீட்டுக்காரனைக் கொள்ளையிடலாகாது. வீட்டுக்காரன் வந்தவனை விரட்டலாகாது. இரண்டும் சேர்ந்ததே நீதி. நம் கரையிலும் போர்த்துக்கீசிய அதிகாரிகள் மக்களைத் துன்புறுத்தியபோது, அதைக் கண்டித்துச் சவேரியார் கடிதங்கள் எழுதினார். விருந்தாளியாக வந்தவரின் கடமையை அவர் அறிந்திருந்தார்.

2023 ஜூன் மாதம் பிள்ளை ஊர் திரும்பினாள். வந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் நம்மைப் பார்க்க வந்தாள். ஸ்பெயின் கதை சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ, "ஃபாதர், கோவிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்களே எட்டுப் பேர், அவர்கள் யார்?" என்று கேட்டாள்.

ஐஸ் பிளாண்டில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் என்றோம். "கத்தோலிக்கரா?" என்றாள். "தெரியவில்லை, வேடிக்கை பார்க்க வருகிறார்கள் போலும்" என்றோம். "ஃபாதர், அவர்கள் எல்லாரும் நன்மை வாங்கினார்களே!" என்றாள்.

நாமே நம் கையால் நன்மை கொடுத்திருக்கிறோம். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே அவளோடு ஐஸ் பிளாண்டுக்குப் போனோம். அவர்கள் ஜார்க்கண்டிலும் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலும் இருந்து வந்தவர்கள். ஓராவோன், காரியா இனத்துக் கத்தோலிக்கர். பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவாகிய கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார் 1885 முதல் சோட்டாநாக்பூர் மலைநாட்டில் நற்செய்தி அறிவித்தபோது மனந்திரும்பிய மக்களின் பேரர் பேத்திகள். நம்மைப் போலவே தலைமுறை தலைமுறையாய்க் கிறிஸ்தவர். தகரக் கொட்டகையில் ஒன்பது அடி அறையில் எட்டுப் பேர். சுவரில் மாதாவின் படம் ஒன்று. அதற்கு ஒரு மின்விளக்கு. அவர்களில் ஒருவன் மூன்று ஆண்டுகளாக நம் ஊரில் இருக்கிறான். இந்த மூன்று ஆண்டுகளில் நம் பங்கில் எவர் வீட்டிலாவது உணவுண்டது உண்டா என்று பிள்ளை அவனிடம் இந்தியில் கேட்டாள். அவன் சிரித்தான். பதில் சொல்லவில்லை.

கிறிஸ்மஸ் அன்று எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கடை மூடியிருந்ததால் ரொட்டியும் தேநீரும் என்றார்கள்.

நாம் அந்த ஜெர்மானியரின் வீட்டை நினைத்தோம். அதைவிட, பேசத் தெரியாமல் மணியோடு வந்த ஒருவருக்கு இடம் கொடுத்த நம் முன்னோரை நினைத்து வெட்கினோம். மம்ரே மரத்தடியில் முன்பின் அறியாத மூவரைக் கண்டதும் எழுந்து ஓடிப்போய் வரவேற்ற ஆபிரகாமைப் பற்றி இதே பீடத்திலிருந்து எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டியும் வைத்திருக்கிறோம். தூணுக்குப் பக்கத்தில் நின்றவர்களை மட்டும் நாம் காணவில்லை.

நம் குடும்பங்களில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போகாதவர் உண்டோ? வளைகுடா நாட்டுக் கப்பல்களிலும் கொட்டகைகளிலும் இன்று நம் பிள்ளைகள் இல்லையோ? அவர்களுக்கு அங்கே யாராவது ஒரு வாய்ச் சோறு கொடுக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லுகிறோம். நம் வாசலில் நிற்கும் எட்டுப் பேரின் தாய்மாரும் இந்த நேரத்தில் தங்கள் ஊரில் அதே ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சிறு முயற்சிகள் சில தொடங்கியிருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, நம் பிள்ளையின் உதவியோடு வாசகங்கள் இந்தியிலும் படிக்கப்படுகின்றன. அவர்கள் தங்கள் மொழியில் ஒரு திருவிருந்துப் பாடல் பாடுகிறார்கள். மரியாயின் சேனையினர் மூவர் கொட்டகைக்குப் போய் வருகிறார்கள். இன்று அவர்கள் தொகை எட்டன்று. பக்கத்து உப்பளங்களிலும் கட்டட வேலைகளிலும் இருப்பவர்களையும் சேர்த்து முப்பத்தொரு பேர். ஆனால் இவையெல்லாம் கோவிலில் நடப்பவை. வீடு இன்னும் திறக்கவில்லை.

ஆகவே பவள விழாவை முன்னிட்டு உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். திருநாளன்று அசனத்தில் அவர்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும் என்று சிலர் ஆலோசனை கூறினார்கள். அது போதாது. முப்பத்தொரு வீடுகள் வேண்டும். திருநாள் இரவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டும். தனியாக இலை போட்டுத் திண்ணையில் அன்று, உள்ளே, உங்களோடு. மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்ட அந்த ஸ்பானியத் தாய்க்கு எந்த மொழி தெரியும்? சில்லறைச் சண்டைகளும் வரலாம். வெந்நீருக்கும் எண்ணெய்க் கறைக்கும் அங்கே சண்டை வந்தது. சண்டை வந்த பிறகும் நாற்காலியை எடுத்துவிடாமல் இருந்தார்களே, அதுதான் குடும்பம்.

பெயர் கொடுக்கும் நோட்டு கோவில் வாசலில் இருக்கிறது. முதல் பெயர் நம் மாணவியின் தகப்பனாருடையது. நேற்றிரவு கடலிலிருந்து வந்த கையோடு எழுதிவிட்டுப் போனார். "எம் பிள்ளைக்கு அங்க ஒருத்தி சோறு போட்டா, சாமி. எனக்கு அந்தக் கடன் இருக்கு" என்றார். இரண்டாம் பெயர் பங்கு இல்லத்தினுடையது. நம் மேசையிலும் நாற்காலிகள் பல காலியாகவே கிடந்திருக்கின்றன.

இன்னும் இருபத்தொன்பது பெயர்கள் வேண்டும். நம் ஞானத் தந்தை சவேரியார் நமக்காக மன்றாடுவாராக. அந்நியராக நம் வாசலுக்கு வரும் ஆண்டவரை அடையாளம் காணும் கண்களை இறைவன் நமக்குத் தந்தருள்வாராக.